சூல்வித்தகம்

சூல்வித்தகம் என்பது கருவுற்ற பெண்ணின் கருப்பைச் சுவருக்கும், கருப்பையினுள் வளரும் குழந்தைக்கும் இடையே உருவாகி, குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் வெளியேறிவிடும் ஒரு தற்காலிக உறுப்பு ஆகும். குழந்தைக்குத் தேவையான ஆக்சிசன், உணவுப்பொருட்கள், நீர், நோயெதிர்ப்புப் பொருட்கள் ஆகியவை தாயிடமிருந்து இதன் வழியாகவே செல்கின்றன. குழந்தையின் உடலில் உண்டாகும் கழிவுகளும் இதன் வழியாகவே தாயின் குருதியை அடைகின்றன. பிறந்த பின் நுரையீரல், குடல், சிறுநீரகம் ஆகியவை தனித்தனியே செய்யும் பணிகளைப் பிறக்கும் முன் இந்த ஒரே உறுப்பு செய்கிறது.

சூல்வித்தகம் இணைக்கும் உறுப்பு மட்டுமன்று; பிரிக்கும் உறுப்பும் ஆகும். தாயின் குருதியும் குழந்தையின் குருதியும் இதனுள் மிக அருகருகே ஓடினாலும் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. இந்த எல்லையை எவை கடக்கின்றன, எவை கடப்பதில்லை, கடக்கக் கூடாதவை கடந்தால் என்ன நேரும் என்பவற்றை அறிந்துகொண்டதன் பயனாகவே கருவுற்ற பெண்களுக்கு இன்று அளிக்கப்படும் பல தடுப்பூசிகளும் மருந்துகளும் சோதனைகளும் உருவாயின.

கருக்கட்டலில் இருந்து முதல் எட்டு வாரங்கள் வரை வளரும் உயிர் முளையம் என்றும், அதன் பின்னர் முதிர்கரு என்றும் அழைக்கப்படும். இக்கட்டுரையில் எளிமை கருதிப் பல இடங்களில் குழந்தை என்றே குறிக்கப்படுகிறது. வாரக் கணக்கு, வேறு வகையாகக் கூறப்படாத இடங்களில், மருத்துவ வழக்கப்படி இறுதி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணப்பட்டுள்ளது.

பெயர்

சூல்வித்தகம் என்னும் சொல் இலங்கைப் பாடநூல்களில் வழங்குகிறது. தமிழ்நாட்டில் நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி ஆகிய சொற்கள் பரவலாக உள்ளன. பேச்சு வழக்கில் 'நஞ்சு' என்றே கூறுவதும் உண்டு. பெயர் அவ்வாறு இருப்பினும் இவ்வுறுப்பில் நஞ்சு எதுவும் இல்லை. இலத்தீன் மொழியில் இதன் பெயராகிய 'பிளசென்டா' என்பதற்குத் தட்டையான அப்பம் என்று பொருள். இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்தோ கொலம்போ 1559ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இவ்வுறுப்பின் தோற்றத்தைக் கண்டு இப்பெயரை இட்டார்.

இரு குருதியோட்டங்கள் என்ற கண்டுபிடிப்பு

தாயின் குருதியே நேரடியாகக் குழந்தையின் உடலுக்குள் ஓடுகிறது என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் பணியாற்றிய உடன்பிறந்தோரான வில்லியம் ஹண்டர், ஜான் ஹண்டர் ஆகிய மருத்துவர்கள் இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தனர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் குருதிக்குழாய்களில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்தியபோது, தாயின் குழாய்களில் செலுத்திய மெழுகு சூல்வித்தகத்தின் இடைவெளிகள் வரை வந்து நின்றது. தொப்புள்கொடியின் குழாய்களுக்குள் செல்லவில்லை. தொப்புள்கொடி வழியாகச் செலுத்திய மெழுகும் தாயின் குழாய்களை அடையவில்லை. இதன் மூலம் தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனிக் குருதியோட்டங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று.

வில்லியம் ஹண்டர் கருவுற்ற கருப்பையின் உடற்கூற்றைப் பெரிய படங்களுடன் 1774ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்பது குறித்துப் பின்னர் உடன்பிறந்தோர் இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டது.

உருவாக்கம்

கருமுட்டைக் குழாயில் கருக்கட்டல் நிகழ்ந்து ஏறத்தாழ ஐந்து நாட்களில், கரு நூற்றுக்கு மேற்பட்ட உயிரணுக்களைக் கொண்ட உட்குழிவான பந்தாக மாறுகிறது. இது கருக்கோளம் எனப்படும். இந்நிலையிலேயே உயிரணுக்கள் இரு பிரிவுகளாகப் பிரிந்துவிடுகின்றன.

• உட்புறத் திரள்: இதில் இருந்து குழந்தையின் உடல் உருவாகிறது.
• வெளியடுக்கு: இதில் இருந்து சூல்வித்தகத்தின் பெரும்பகுதி உருவாகிறது.

ஆகவே சூல்வித்தகம் தாயின் உறுப்பு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அதன் பெரும்பகுதி குழந்தை தோன்றிய அதே கருவில் இருந்து தோன்றியதாகும். அதன் மரபணுக்களில் பாதி தந்தையிடம் இருந்து வந்தவை. கருப்பை உட்படலத்தில் இருந்து உருவாகும் அடிப்பகுதி மட்டுமே தாயினுடையது.

கருக்கட்டலுக்குப் பின் ஆறாம் அல்லது ஏழாம் நாள் அளவில் கருக்கோளம் கருப்பை உட்படலத்தில் ஒட்டி, அதனுள் புதையத் தொடங்குகிறது. வெளியடுக்கு உயிரணுக்கள் வேர்களைப் போல் உட்படலத்திற்குள் ஊடுருவுகின்றன. அவற்றுள் சில தாயின் சுருள் தமனிகளை அடைந்து, அவற்றின் தசைச் சுவரை மாற்றியமைக்கின்றன. குறுகிய, சுருங்கி விரியக்கூடிய இத்தமனிகள், சுருங்க இயலாத அகன்ற குழாய்களாகின்றன. இதனால் தாயின் உடல் நினைத்தபோது குறைத்துவிட முடியாத, தடையற்ற குருதி வரத்து குழந்தைக்கு உறுதியாகிறது.

முதல் பத்து வாரங்கள் வரை இத்தமனிகளின் வாய்களை வெளியடுக்கு உயிரணுக்களே அடைத்து வைத்திருக்கின்றன. எனவே தொடக்கத்தில் முளையம் ஆக்சிசன் குறைந்த சூழலில், கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பை உணவாகக் கொண்டு வளர்கிறது. 10 முதல் 12 வாரங்களில் அடைப்புகள் விலகி, தாயின் குருதி சூல்வித்தகத்துள் முழு அளவில் பாயத் தொடங்குகிறது.

அமைப்பு

முழு வளர்ச்சி அடைந்த மனிதச் சூல்வித்தகம் ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமும், நடுவில் 2 முதல் 3 செ.மீ. தடிப்பும், அரைக் கிலோகிராம் எடையும் கொண்ட வட்டத் தட்டு ஆகும். இதன் ஒரு புறம் கருப்பைச் சுவருடன் ஒட்டியுள்ளது. மறுபுறத்தில் இருந்து தொப்புள்கொடி புறப்படுகிறது.

சூல்வித்தகத்தின் உள்ளே மரக்கிளைகளைப் போல் பலமுறை கிளைத்த, விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் (விரலிகள்) உள்ளன. ஒவ்வொரு விரலியினுள்ளும் குழந்தையின் குருதி நுண்குழாய்கள் ஓடுகின்றன. விரலிகளுக்கு இடைப்பட்ட வெளியில் தாயின் குருதி பாய்ந்து, அவற்றை வெளிப்புறமாக நனைத்துத் திரும்புகிறது. இரு குருதிகளையும் பிரிக்கும் சுவர், கருவுற்ற காலத்தின் இறுதியில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்பே உடையது. விரலிகள் அனைத்தின் மேற்பரப்பையும் விரித்தால் 10 சதுர மீட்டருக்கும் கூடுதலாக, அதாவது ஓர் அறையின் தரையளவு இருக்கும். அரைக் கிலோகிராம் எடையுள்ள உறுப்பால் ஒரு முழு உடலுக்கு ஈடுகொடுக்க முடிவது இப்பரப்பினால்தான். கருவுற்ற காலத்தின் இறுதியில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி செல்கிறது.

தொப்புள்கொடி பொதுவாக 50 முதல் 60 செ.மீ. நீளமுடையது. இதில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. பிறந்தபின் உடல் முழுதும் ஆக்சிசன் மிகுந்த குருதியைத் தமனிகள் எடுத்துச் செல்ல, தொப்புள்கொடியில் அது சிரை வழியாகச் செல்வது குறிப்பிடத்தக்கது. தமனி, சிரை என்னும் பெயர்கள் குருதியின் தன்மையைக் கொண்டு அன்றி, அது இதயத்தில் இருந்து செல்கிறதா, இதயத்தை நோக்கி வருகிறதா என்பதைக் கொண்டே இடப்படுகின்றன.

பொருட்களின் பரிமாற்றம்

எல்லாப் பொருட்களும் ஒரே வழியில் சூல்வித்தகச் சுவரைக் கடப்பதில்லை.

வளிமங்கள்: ஆக்சிசனும் கார்பன் டைஆக்சைடும் செறிவு மிகுந்த இடத்தில் இருந்து குறைந்த இடத்திற்குப் பரவுகின்றன. குழந்தையை அடையும் குருதியில் ஆக்சிசனின் அழுத்தம், தாயின் தமனிக் குருதியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஆகும். இருப்பினும் குழந்தைக்கு ஆக்சிசன் போதுமான அளவு கிடைக்கிறது. இதற்குக் காரணம் முதிர்கரு ஈமோகுளோபின் ஆகும். வளர்ந்தோரின் ஈமோகுளோபினில் இரண்டு ஆல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் உள்ளன. முதிர்கரு ஈமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலிகள் அமைந்துள்ளன. இவ்வேறுபாட்டினால் அது குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிசனை இறுகப் பற்றிக்கொள்கிறது. எனவே தாயின் ஈமோகுளோபின் விட்டுவிடும் ஆக்சிசனைக் குழந்தையின் ஈமோகுளோபின் எடுத்துக்கொள்கிறது. பிறந்த சில மாதங்களில் வளர்ந்தோரின் வகை இதன் இடத்தைப் பிடித்துவிடுகிறது.

சர்க்கரை: குழந்தையின் முதன்மை எரிபொருள் குளுக்கோசு ஆகும். இது கடத்திப் புரதங்களின் துணையுடன் தாயின் குருதியில் இருந்து பரவுகிறது. தாயின் குருதியில் சர்க்கரை உயர்ந்தால் குழந்தையின் குருதியிலும் உயரும். ஆனால் தாயின் இன்சுலின் சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. எனவே குழந்தை தன் கணையத்தில் இருந்து கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அதன் விளைவாகக் கொழுப்புச் சேர்ந்து பருக்கிறது. பிறந்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுவிட, இன்சுலின் மட்டும் மிகுந்திருப்பதால் குழந்தையின் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். நீரிழிவு உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் சர்க்கரை அளவைச் சோதிப்பது இதனால்தான்.

புரதமும் தாதுக்களும்: அமினோ அமிலங்கள், கால்சியம் ஆகியவை ஆற்றலைச் செலவிட்டு, செறிவுக்கு எதிராகவும் கடத்தப்படுகின்றன. எனவே இவற்றின் செறிவு தாயை விடக் குழந்தையின் குருதியில் மிகுந்து காணப்படும். இரும்புச்சத்தும் இவ்வாறே குழந்தைக்கு முன்னுரிமையுடன் செல்கிறது. ஒரு கருவுற்ற காலம் முழுவதற்கும் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ ஒரு கிராம். அதில் 300 மில்லிகிராம் அளவு குழந்தைக்கும் சூல்வித்தகத்திற்கும் செல்கிறது. உணவில் இது கிடைக்காதபோது தாயின் சேமிப்பில் இருந்து எடுக்கப்படுவதால் தாய்க்குக் குருதிச்சோகை உண்டாகிறது.

கருவுற்ற பெண்களின் குருதிச்சோகை குறித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடைபெற்றது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928ஆம் ஆண்டு முதல் மும்பையில் நெசவாலைத் தொழிலாளர் பெண்களிடையே ஆய்வு செய்தார். இரும்புக் குறைவினால் அல்லாத ஒருவகைக் குருதிச்சோகை, நொதிச்சாற்றை உணவில் சேர்த்தபோது குணமாவதை அவர் கண்டறிந்து 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளையும் தடுக்கிறது என்பதை 1991ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுக்குழுவின் ஆய்வு உறுதி செய்தது. கருக்கட்டலுக்குப் பின் நான்கு வாரங்களுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்வதால், கருவுறுவதற்கு முன்பிருந்தே இதனை உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

பிறபொருளெதிரிகள்: பெரிய மூலக்கூறுகள் பொதுவாகச் சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. 'ஐஜிஜி' வகைப் பிறபொருளெதிரி (நோயெதிர்ப்புப் புரதம்) இதற்கு விதிவிலக்கு ஆகும். சூல்வித்தகத்தின் உயிரணுக்களில் உள்ள தனி ஏற்பிகள் இதனைப் பற்றி மறுபுறம் சேர்க்கின்றன. அளவில் பெரிய 'ஐஜிஎம்' வகைக்கு இவ்வசதி இல்லை. ஐஜிஜி கடத்தலின் பெரும்பகுதி இறுதி மூன்று மாதங்களில் நிகழ்கிறது. ஆகையால் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பாதுகாப்புக் குறைவாகவே கிடைக்கிறது. தாய்க்கு இடப்படும் இரணசன்னித் தடுப்பூசி குழந்தையைக் காப்பது இவ்வழியில்தான். தாயின் உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி குழந்தையை அடைந்து, தொப்புள் வெட்டின் வழியே வரும் இரணசன்னியைப் பிறந்த முதல் வாரங்களில் தடுக்கிறது. தாய்-சேய் இரணசன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

கழிவுகள்: கார்பன் டைஆக்சைடு, யூரியா, பித்தநிறமி ஆகியவை தாயின் குருதிக்குச் சென்று, தாயின் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் வழியாக வெளியேறுகின்றன. கருவுற்ற பெண் வழக்கத்தை விட ஆழமாக மூச்சுவிடுவதால் அவரது குருதியில் கார்பன் டைஆக்சைடு குறைந்து, குழந்தையிடம் இருந்து அது எளிதில் வெளியேறுகிறது.

இயக்குநீர்கள்

சூல்வித்தகம் ஒரு சுரப்பியும் ஆகும். கரு பதிந்த சில நாட்களிலேயே வெளியடுக்கு உயிரணுக்கள் 'எச்சிஜி' என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. இது தாயின் சூலகத்தில் உள்ள மஞ்சட்சடலத்தை அழியாமல் காக்கிறது. மஞ்சட்சடலம் தொடர்ந்து புரோசெசுத்தரோனைச் சுரப்பதால் கருப்பை உட்படலம் உதிராமல் நிலைக்கிறது, மாதவிலக்கு நின்றுவிடுகிறது. கருத்தரிப்பை அறிய வீட்டில் செய்யப்படும் சிறுநீர்ச் சோதனை இந்த எச்சிஜியையே காட்டுகிறது. வேறுவகையில் கூறினால், தான் வந்திருப்பதைக் கருவே தாயின் உடலுக்கு அறிவிக்கிறது. ஏறத்தாழ 7 முதல் 10 வாரங்களில் புரோசெசுத்தரோன் சுரக்கும் பணியைச் சூல்வித்தகமே ஏற்றுக்கொள்கிறது.

இவ்வியக்குநீர்களின் விளைவாகத் தாயின் உடல் முழுவதும் மாறுகிறது. குருதியின் கனவளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் வெளியேற்றும் குருதியின் அளவும், சிறுநீரகங்கள் வடிகட்டும் அளவும் உயர்கின்றன. சூல்வித்தகத்தின் வேறு சில இயக்குநீர்கள் தாயின் உயிரணுக்களில் இன்சுலினின் திறனைக் குறைத்து, தாயின் குருதியில் குளுக்கோசு நெடுநேரம் தங்கச் செய்கின்றன. தாயின் கணையம் இதற்கு ஈடாகப் போதிய இன்சுலினைச் சுரக்க இயலாதபோது கருக்கால நீரிழிவு உண்டாகிறது.

நோயெதிர்ப்பு அமைப்பும் குழந்தையும்

வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் அதனை அயற்பொருளாகக் கண்டு தாக்குகிறது. குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையினுடையவை. எனினும் தாயின் உடல் அதனை ஒன்பது மாதங்கள் ஏற்றுக்கொள்கிறது. இப்புதிரைத் தெளிவாக எடுத்துரைத்தவர் பிரித்தானிய உயிரியலாளர் பீட்டர் மெடவார் (1953). நோயெதிர்ப்பு ஏற்புடைமை குறித்த ஆய்வுகளுக்காக இவர் 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கான விடை ஒன்றன்று. பல காரணங்கள் சேர்ந்தது. தாயின் குருதியுடன் தொடர்பு கொள்ளும் சூல்வித்தக உயிரணுக்கள், அயலாரை அடையாளம் காட்டும் வழக்கமான திசுக்குறிகளைத் தம் மேற்பரப்பில் காட்டுவதில்லை. ஊடுருவும் உயிரணுக்கள் 'எச்எல்ஏ-ஜி' என்னும் தனிவகைக் குறியைக் காட்டித் தாயின் தாக்கும் உயிரணுக்களை அமைதிப்படுத்துகின்றன. எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் தாயின் வெள்ளணுக்களும் இக்காலத்தில் பெருகுகின்றன. கருப்பையில் உள்ள ஒருவகை வெள்ளணுக்கள் தாக்குவதற்கு மாறாக, சுருள் தமனிகளை அகலமாக்கும் பணிக்கு உதவுகின்றன. எனவே தாயின் நோயெதிர்ப்பு அமைப்பு இக்காலத்தில் உறங்குவதில்லை. அது வேறு விதமாகப் பணியாற்றுகிறது.

ஒத்துழைப்பும் போட்டியும்

தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள உயிரியல் தொடர்பு முழு ஒத்துழைப்பு என்றே நெடுநாள் கருதப்பட்டது. படிவளர்ச்சி உயிரியலாளர் டேவிட் ஹெய்க் 1993ஆம் ஆண்டில் இதில் ஒரு போட்டியும் உள்ளது என்று விளக்கினார். குழந்தைக்குத் தாயிடம் இருந்து கூடுதலாகப் பெறுவது நன்மை. தாய்க்கோ, இக்குழந்தைக்கும் இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கும் தன் உடலுக்குமாக வளத்தைப் பங்கிடுவது நன்மை. தாயின் இன்சுலின் திறனைச் சூல்வித்தகம் குறைப்பதும், அதற்கு எதிராகத் தாயின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரப்பதும் இப்போட்டிக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். இது மரபணுக்களின் நலன்கள் பற்றிய விளக்கமே அன்றி, தாயின் அன்பு குறித்த கூற்று அன்று என்பதை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

1984ஆம் ஆண்டில் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. அசீம் சுராணி குழுவினரும், மெக்கிராத், சோல்ட்டர் ஆகியோரும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளில், தாயின் மரபணுத் தொகுதிகளை மட்டும் இரண்டாகக் கொண்ட கருவில் சூல்வித்தகம் சரியாக வளரவில்லை. தந்தையின் தொகுதிகளை மட்டும் கொண்ட கருவில் சூல்வித்தகத் திசு நன்கு வளர்ந்தது, முளையம் வளரவில்லை. எந்தப் பெற்றோரிடம் இருந்து வந்தது என்பதைப் பொறுத்துச் சில மரபணுக்கள் வேறுபட்டுச் செயற்படுகின்றன என்பது இதனால் தெரியவந்தது.

இச்சமநிலை தவறும்போது தாயின் உயிருக்கே இடர் நேரலாம். சுருள் தமனிகள் போதிய அளவு அகலமாகாதபோது சூல்வித்தகத்திற்குக் குருதி குறைகிறது. பாதிக்கப்பட்ட சூல்வித்தகம் சில புரதங்களைத் தாயின் குருதியில் மிகையாகக் கலக்கிறது. அவை தாயின் குருதிக்குழாய்களைத் தாக்குவதால் உயர் குருதியழுத்தமும் சிறுநீரில் புரதமும் தோன்றுகின்றன. இந்நோய் முன்சூல்வலிப்பு எனப்படும். இது உலக அளவில் கருவுறுவோரில் ஏறத்தாழ 2 முதல் 8 விழுக்காட்டினரைப் பாதிக்கிறது. இப்புரதங்களுள் முதன்மையான ஒன்றை அனந்த் கருமாஞ்சி குழுவினர் 2003ஆம் ஆண்டில் இனங்கண்டனர். சூல்வித்தகம் வெளியேறுவதே இந்நோய்க்கு உரிய முடிவான தீர்வு. கடுமையான தலைவலி, கண்பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை இதன் எச்சரிக்கை அறிகுறிகள். ஆனால் தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு மருத்துவப் பார்வையிலும் குருதியழுத்தம் அளக்கப்படுகிறது.

எல்லையைக் கடக்கும் தீங்குகள்

சூல்வித்தகம் தீங்கானவற்றை எல்லாம் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டில் இருமுறை தகர்ந்தது.

1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் பல குழந்தைகள் பிறப்பதைக் கவனித்தார். அவர்களின் தாய்மார்களுள் பெரும்பாலோருக்குக் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா (செருமன் அம்மை) கண்டிருந்தது. தாய்க்கு எளிய காய்ச்சலாக வந்துபோகும் நோய், குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும் என்பது இதனால் தெரிந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய தட்டம்மை-ருபெல்லாத் தடுப்பூசித் திட்டத்தின் நோக்கங்களுள் இதனைத் தடுப்பதும் ஒன்று. இது உயிருள்ள வலுக்குறைந்த தீநுண்மியைக் கொண்டது. ஆதலால் கருவுற்ற காலத்தில் இடப்படுவதில்லை. முன்னரே இட்டுக்கொள்ளல் வேண்டும்.

1957ஆம் ஆண்டில் மேற்குச் செருமனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருக்கால வாந்திக்கும் இது பல நாடுகளில் வழங்கப்பட்டது. கருக்கட்டலுக்குப் பின் ஏறத்தாழ 20 முதல் 36 நாட்களுக்குள் இதனை உட்கொண்ட பெண்களுக்குக் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தனர். 1961ஆம் ஆண்டின் இறுதியில் மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அலுவலர், போதிய சான்றுகள் இல்லை என்று விற்பனை உரிமம் வழங்க மறுத்ததால் அங்குப் பெரும் இழப்புத் தவிர்க்கப்பட்டது. மருந்துகளைக் கருவுற்றோருக்கு வழங்கும் முன் அவற்றின் பாதுகாப்பு ஆராயப்படல் வேண்டும் என்ற விதிகள் இதன் பின்னரே வலுப்பெற்றன.

சாராயம் தடையின்றிக் கடந்து, குழந்தையின் குருதியிலும் தாயின் அளவை ஒட்டியே சேர்கிறது. புகையிலைப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு குழந்தையின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிசனின் இடத்தைப் பிடிக்கிறது. மறுபுறம், எச்.ஐ.வி. தீநுண்மி பெரும்பாலும் மகப்பேற்றின்போதே குழந்தைக்குத் தொற்றுகிறது. எனவே தாய்க்கு உரிய மருந்துகளை அளித்தால் குழந்தையைக் காக்க முடியும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

குருதிகள் கலக்கும்போது: ஆர்எச் பொருந்தாமை

மகப்பேற்றின்போது சூல்வித்தகம் பிரியும் நேரத்தில் குழந்தையின் குருதி சிறிதளவு தாயின் குருதியில் கலக்கக்கூடும். தாய் ஆர்எச் எதிர்வகையினராகவும் (நெகட்டிவ்), குழந்தை ஆர்எச் நேர்வகையாகவும் (பாசிட்டிவ்) இருப்பின் தாயின் உடல் அக்குருதிக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. முதற்குழந்தை அதற்குள் பிறந்துவிடுவதால் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. அடுத்த குழந்தையும் நேர்வகையாக இருந்தால், அப்பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து அதன் சிவப்பணுக்களை அழிக்கின்றன. இதனால் குருதிச்சோகை, மஞ்சட்காமாலை, மூளைப் பாதிப்பு, இறப்பு ஆகியவை நேரலாம். குழந்தையைக் காக்கும் அதே ஐஜிஜி கடத்தல் இங்கு அதற்குத் தீங்காக அமைகிறது.

1939ஆம் ஆண்டில் பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் ஆகியோர் நியூயார்க்கில் ஒரு பெண்ணிடம் இதற்கான முதல் தடயத்தைக் கண்டனர். இறந்த குழந்தையைப் பெற்ற அப்பெண்ணுக்குக் கணவரின் குருதியைச் செலுத்தியபோது கடும் எதிர்விளைவு ஏற்பட்டது. 1940ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் வகையை அறிவித்தனர்.

1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இருந்த இரு குழுக்கள் இதனைத் தடுக்கும் முறையைக் கண்டறிந்தன. ஆர்எச் பிறபொருளெதிரியையே ('ஆன்டி-டி') மகப்பேற்றுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஊசி மூலம் செலுத்தினால், தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களை உணர்ந்து எதிர்ப்பைக் கற்கும் முன்னரே அவை அகற்றப்படுகின்றன. 28ஆம் வாரத்திலும், கருச்சிதைவுக்குப் பின்னரும் இது அளிக்கப்படுவது உண்டு. இம்மருந்து குருதிக்கொடையாளர்களிடம் இருந்தே பெறப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் (1936–2025) என்பவர் 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடை அளித்தார். இந்தியாவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் ஆர்எச் எதிர்வகையினர் ஆவர். கருவுற்றவுடன் குருதிவகை சோதிக்கப்படுவதன் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பிறப்புக்குப் பின்னும் தொடரும் சுவடுகள்

குருதி கலக்காவிடினும் மிகச் சில உயிரணுக்கள் இரு திசைகளிலும் கடக்கின்றன. 1996ஆம் ஆண்டில் டயானா பியாங்கி குழுவினர், ஆண்குழந்தையைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு பெண்ணின் குருதியிலும் ஆண் உயிரணுக்களைக் கண்டறிந்தனர். தாயின் உயிரணுக்களும் பிள்ளைகளின் உடலில் பல ஆண்டுகள் காணப்படுகின்றன.

1997ஆம் ஆண்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ குழுவினர் தாயின் குருதித் தெளிவில் குழந்தையின் டி.என்.ஏ. துண்டுகள் மிதப்பதைக் கண்டனர். இவை பெரும்பாலும் சூல்வித்தகத்தில் இருந்து வருபவை. இதன் அடிப்படையில் 2011ஆம் ஆண்டு முதல், தாயின் கையில் இருந்து எடுக்கும் குருதியைக் கொண்டே குழந்தைக்கு டவுன் நோய்த்தொகை இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் சோதனை நடைமுறைக்கு வந்தது. இச்சோதனையால் குழந்தையின் பாலினத்தையும் அறிய இயலும். இந்தியாவில் பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

சூல்வித்தகம் வெளியேறுதல்

குழந்தை பிறந்த பின் கருப்பை சுருங்குவதால் சூல்வித்தகம் சுவரில் இருந்து பிரிந்து, பொதுவாக 30 நிமிடங்களுக்குள் வெளியேறுகிறது. அகன்றிருந்த தமனிகளைக் கருப்பைத் தசைகள் இறுக்கி மூடுகின்றன. தசைகள் போதிய அளவு சுருங்காவிடின் அல்லது சூல்வித்தகத்தின் துண்டு உள்ளே தங்கிவிடின் மிகுந்த குருதிப்போக்கு ஏற்படும். உலகெங்கும் மகப்பேற்று இறப்புகளுக்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும். எனவே வெளியேறிய சூல்வித்தகம் முழுமையாக உள்ளதா என்று சோதிக்கப்படுகிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல், குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. சூல்வித்தகத்தில் எஞ்சியுள்ள குருதி குழந்தையை அடைந்து, அதன் இரும்புச் சேமிப்பைக் கூட்டுகிறது.

பரவலான தவறான கருத்துகள்

• 'குழந்தையின் உடலில் ஓடுவது தாயின் குருதி': இல்லை. குழந்தை தன் குருதியைத் தானே உருவாக்குகிறது. 'ஓ' வகைத் தாய்க்கு 'ஏ' அல்லது 'பி' வகைக் குழந்தை பிறக்கலாம்.
• 'தாய் உண்ணும் உணவு நேரடியாகக் குழந்தையின் வயிற்றுக்குச் செல்கிறது': இல்லை. தாயின் குடலில் செரித்த பின்னர் குருதி வழியாகச் சூல்வித்தகத்தை அடைந்து, தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் குருதிக்குச் செல்கிறது.
• 'இருவருக்காக இருமடங்கு உண்ண வேண்டும்': தேவையில்லை. உணவின் அளவை விட அதில் உள்ள இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், புரதம் ஆகியவையே முதன்மையானவை.
• 'மருந்துக் கடையில் கிடைக்கும் எளிய மருந்துகள் குழந்தையை அடையா': பல மருந்துகள் சூல்வித்தகத்தைக் கடக்கின்றன. மருத்துவரின் அறிவுரை இன்றி எம்மருந்தையும் உட்கொள்ளலாகாது. அதேபோல் மருத்துவர் அளித்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்துவதும் தீங்காகலாம்.

இவற்றையும் பார்க்க

• கருத்தரிப்பு
• தொப்புள்கொடி
• முளையம்
• முதிர்கரு
• ஈமோகுளோபின்
• ஆர்எச் குருதிவகை
• முன்சூல்வலிப்பு